மாநிலங்களவை: ‘மேல்-சபை’ என்னும் பெயர் ஏன் பொருந்தாது?

தமிழ்நாட்டுக்குரிய 18 மாநிலங்களவை இடங்களில் சில காலியாகும்போதெல்லாம் ‘டெல்லி மேல்-சபைத் தேர்தல்’ என்ற தலைப்பு செய்திகளில் தவறாமல் வந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் ‘ராஜ்யசபா சீட்’ என்கிறார்கள். போட்டித் தேர்வுக் கையேடுகளில் ‘மேலவை’ என்றும் ‘கீழவை’ என்றும் அச்சிடுகிறார்கள். மாநிலங்களவை என்ற சரியான, பொருள் விளங்கும் சொல் வழக்கில் இருக்கும்போதே அதை ஒதுக்கிவிட்டு, அந்த அவையின் இயல்பைத் திரித்துக் காட்டும் பெயரை வழங்குவது கண்டிக்கத்தக்கது.

அரசமைப்புச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரும் இரண்டு அவைகளும் சேர்ந்ததே நாடாளுமன்றம் என்கிறது. ஆங்கில மூலத்தில் ஓர் அவை மாநிலங்களுடையது, மற்றொன்று மக்களுடையது. மேல், கீழ் என்ற சொற்கள் அங்கே இல்லை. லோக்சபா, ராஜ்யசபா என்ற இந்திப் பெயர்கள் 1954-இல் அறிவிக்கப்பட்டன. ‘அவை’ திருக்குறள் அறிந்த சொல். அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களே அதற்கு உண்டு. மக்கள் என்பதோடும் மாநிலங்கள் என்பதோடும் அதைச் சேர்த்தால் மூலத்தின் பொருள் குறையாமல் கிடைத்துவிடுகிறது. இங்கே பன்மை முக்கியம். ‘மாநில அவை’ என்று சுருக்கினால் படிப்பவர் சட்டமன்றத்தை நினைப்பார்.

இந்திப் பெயர்களை அப்படியே எழுதலாமே என்பவர்கள், தமிழில் அச்சொற்கள் வேறு பொருள் தருவதைக் கவனிப்பதில்லை. இந்தியில் ‘லோக்’ என்பது மக்கள். தமிழில் லோகம் என்றால் உலகம். இந்தியில் ‘ராஜ்ய’ என்பது மாநிலத்தைக் குறிக்கும். தமிழில் ராஜ்யம் என்றால் அரசன் ஆளும் நாடு. இந்தி அறியாத தமிழர் ஒருவர் தமக்குத் தெரிந்த தமிழைக் கொண்டு பொருள் கொள்ள முயன்றால், உலக சபை, அரச சபை என்ற முடிவுக்கே வருவார்.

ஆயினும் ‘ராஜ்யசபா’ வெறும் ஒலிபெயர்ப்பு என்பதால் அதனால் விளையும் தீங்கு சிறிது. ‘மேல்-சபை’ தமிழ்ச்சொல் போலவே நின்று தவறான கருத்தை விதைப்பதால் அதன் தீங்கு பெரிது. மேலதிகாரி, மேல்முறையீடு, மேலிடம் என்று நாள்தோறும் பேசும் மொழியில் ‘மேல்’ என்பது அதிகார வரிசையைக் குறிக்கும். கீழ்நீதிமன்றத் தீர்ப்பை மேல்நீதிமன்றம் மாற்றுவதுபோல, ‘கீழவை’யின் முடிவை ‘மேலவை’ திருத்த முடியும் என்று மாணவர் எண்ணிக்கொண்டால் குறை மாணவரிடம் இல்லை.

நடைமுறையோ பெரும்பாலும் நேர்மாறானது. அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்பது மக்களவைக்கு மட்டுமே. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது மக்களவையில்தான். மாநிலங்களவையில் எத்தனை உறுப்பினர்கள் எதிர்த்து நின்றாலும் ஓர் அரசைக் கவிழ்க்க வழியில்லை. வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டுமே பற்றிய பண மசோதா மக்களவையில் மட்டுமே அறிமுகமாகும். மாநிலங்களவை அதை 14 நாள்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அது தரும் பரிந்துரைகளை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். சாதாரண மசோதாவில் இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம். 1961, 1978, 2002 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு மசோதாக்கள் நிறைவேறின. அதற்குத் தலைமை தாங்குபவர் மக்களவைத் தலைவர். 543 பேர் கொண்ட அவையும் 245 பேர் கொண்ட அவையும் சேர்ந்து வாக்களித்தால் எந்தப் பக்கம் கனக்கும் என்பது வெளிப்படை.

அப்படியானால் மாநிலங்களவை ‘கீழ்’ அவையா என்றால், அதுவும் இல்லை. அரசமைப்புத் திருத்தத்தை ஒவ்வோர் அவையும் தனித்தனியே உரிய பெரும்பான்மையுடன் நிறைவேற்ற வேண்டும். அதில் கூட்டுக் கூட்டத்துக்கு இடமில்லை. முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு வழங்கிவந்த மானியத்தை ஒழிக்கும் திருத்தம் 1970-இலும், பஞ்சாயத்து, நகராட்சி தொடர்பான திருத்தங்கள் 1989-இலும் மாநிலங்களவையில்தான் தோற்றன. மாநிலங்கள் சட்டம் இயற்றுவதற்குரிய மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருள் குறித்து நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 249-ஆம் பிரிவின்படி வழிவிடும் உரிமையும், ஐ.ஏ.எஸ். போன்ற புதிய அகில இந்தியப் பணிகளை உருவாக்க 312-ஆம் பிரிவின்படி ஒப்புதல் தரும் உரிமையும் அதற்கே உரியவை. அந்த உரிமைகள் ஏன் மக்களவையிடம் இல்லாமல் இந்த அவையிடம் இருக்கின்றன என்ற கேள்விக்கு ‘மேலவை’ என்ற பெயரில் விடை கிடையாது. ‘மாநிலங்களவை’ என்ற பெயரிலேயே விடை இருக்கிறது.

‘மேல்’ என்ற அடைமொழி இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே பிரபுக்களின் அவை மேலாகவும், பொதுமக்களின் அவை கீழாகவும் கருதப்பட்டது பிறப்பை ஒட்டிய பாகுபாடு. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் அமைத்த ஈரவை முறையிலும் இரண்டாம் அவைக்கு வாக்களிக்கும் உரிமை செல்வரும் நிலக்கிழாருமான சிலருக்கே இருந்தது. அதை மேல்சபை என்று அழைத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. நாம் தேர்ந்தெடுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படும் இன்றைய அவைக்கு அந்தப் பட்டம் எதற்கு?

இன்னொரு குழப்பம் நம் ஊருக்கே உரியது. சென்னையில் ‘சட்டமன்ற மேலவை’ என்றே ஓர் அவை இருந்தது. 1986 நவம்பர் 1 அன்று கலைக்கப்பட்டது. அதை மீண்டும் அமைக்க 2010-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. 2011-இல் வந்த அரசு அதைத் திரும்பப் பெறத் தீர்மானித்தது. அந்த மாதங்களில் ‘மேலவை’ என்ற தலைப்பைப் படித்தவர், சென்னையா டெல்லியா என்பதை உள்ளே படித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே வகையானவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சட்டமன்ற மேலவை ஒரு மசோதாவை முதல் முறை மூன்று மாதமும் இரண்டாம் முறை ஒரு மாதமும் தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது; சட்டமன்றத்தின் தீர்மானத்தை ஏற்று நாடாளுமன்றம் அதை ஒழித்துவிடவும் முடியும். மாநிலங்களவை கலைக்க முடியாத அவை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் ஓய்வுபெற, அவை தொடர்ந்து நிற்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல்.

மாநிலங்களவைக்குப் போட்டியிடுபவர் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற விதி 2003-இல் நீக்கப்பட்டதே, பிறகு ‘மாநிலங்கள்’ எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, அந்தத் திருத்தம் அவையின் நோக்கத்தைத் தளர்த்திவிட்டது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் இடங்கள் இன்றும் மாநிலவாரியாகவே பகிரப்படுகின்றன, வாக்களிப்பவர்களும் அந்தந்தச் சட்டமன்றத்தினரே. குறை சட்டத்தில் இருக்கும்போது அதற்காகப் பெயரை மாற்றுவது முறையன்று.

பிற நாடுகளைப் பற்றி எழுதும்போது பொதுச்சொல் ஒன்று வேண்டுமே என்பார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் பெயராலேயே எழுதலாம். லண்டனில் இருப்பது பிரபுக்கள் அவை. அமெரிக்கச் செனட் என்ற பெயர் முதியவரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாக வந்தது. அதற்கு ‘மூதவை’ அழகாகப் பொருந்துகிறது. ‘முதல் அவை’, ‘இரண்டாம் அவை’ என்று எண்ணிட்டாலும் தப்ப முடியாது: நெதர்லாந்தில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவைதான் இரண்டாம் அவை.

நீளம் என்ற சாக்கும் நிற்காது. ‘மேல்-சபை’ என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும் என்று தெரிந்துதான் முன்னால் ‘டெல்லி’ சேர்க்கிறார்கள். ‘டெல்லி மேல்-சபை’ ஏழு எழுத்து; ‘மாநிலங்களவை’யும் ஏழு எழுத்து.