“பின்னாடி ரேம் ஏத்திக்கலாம்” என்பதை நம்பி லேப்டாப் வாங்காதீர்கள்

கல்லூரி திறந்து இரண்டு மாதம் ஆனால் போதும், சர்வீஸ் மேசைக்கு ஒரே சாயலில் லேப்டாப்புகள் வர ஆரம்பித்துவிடும். 11.6 அல்லது 14 அங்குலத் திரை, மெல்லிய உடம்பு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சேமிப்புச் சிப்). பில்லைப் பார்த்தால் மை கூட மங்கியிருக்காது. கொண்டுவருகிறவர்கள் கேட்பதும் ஒன்றுதான்: “ரொம்ப ஸ்லோவா இருக்கு சார். ரேம் ஏத்தி, ஒரு எஸ்எஸ்டி மாட்டிக் கொடுங்க. பின்னாடி ஏத்திக்கலாம்னு கடையிலேயே சொன்னாங்க.”

ஏற்ற முடியாது. பின்மூடியைக் கழற்றிக் காட்டினால்தான் பலரும் நம்புகிறார்கள். ரேம் சிப்புகள் மதர்போர்டிலேயே சால்டர் ஆகி ஒட்டியிருக்கும், ஸ்லாட் என்ற ஒன்றே கிடையாது. இஎம்எம்சியும் அப்படித்தான். சில மாடல்களில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி மாட்டும் இடம்) இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் வரிசையாகத் தெரியும், கனெக்டர் இருக்காது. அதே போர்டை விலை கூடிய மாடலில் போடும்போதுதான் கனெக்டர் வைக்கிறார்கள். “அந்தக் கனெக்டரை வாங்கி சால்டர் பண்ணிடலாமே” என்று கேட்பவர்களும் உண்டு. அதைச் சுற்றி இருக்க வேண்டிய கெபாசிட்டர், ரெசிஸ்டர்களும் அங்கே இல்லை. பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அதை ஏற்குமா என்பது வேறு. விட்டுவிடுங்கள்.

இந்த “பின்னாடி” பேச்சு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. மேசைக் கணினியிலும் பழைய தடித்த லேப்டாப்புகளிலும் ஸ்லாட் இருந்தது. ஒரு மூடியைத் திறந்து ரேமை அழுத்தினால் ‘டக்’கென்று உட்காரும், ஐந்து நிமிட வேலை. அந்த நினைப்பிலேயே இன்றும் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். மெல்லிசாக, மலிவாகச் செய்ய வேண்டும் என்றதும் முதலில் பறிபோனது அந்த ஸ்லாட்தான். ஆகவே விலை குறைந்த சின்ன லேப்டாப்பில் முதல் கேள்வி “எந்த பிராசசர்?” இல்லை. “எதையெல்லாம் பிறகு மாற்றவே முடியாது?” என்பதுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். விவரப் பட்டியலில் ரேம் வகையைப் படியுங்கள். எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 என்று முன்னால் ‘எல்பி’ இருந்தால், இந்த விலையில் அது போர்டோடு ஒட்டியதுதான். ‘ஆன்போர்டு’, ‘சால்டர்டு’ என்றாலும் அதே. வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றிருந்தால் ஸ்லாட் இருக்க வாய்ப்புண்டு, ஆனால் உறுதியில்லை. சில மாடல்களில் 4 ஜிபி போர்டில் ஒட்டியும் ஒரு ஸ்லாட் தனியாகவும் வரும். லெனோவோ என்றால் அவர்களுடைய பிஎஸ்ரெஃப் (PSREF) தளத்தில் மாடல் பெயரைப் போட்டால் எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். எச்பி, டெல் மாடல்களுக்கு சர்வீஸ் மேனுவலே இணையத்தில் கிடைக்கிறது, அதில் ரேமைக் கழற்றும் படம் இருக்கிறதா என்று பாருங்கள். படம் இல்லையென்றால் கழற்ற எதுவும் இல்லை என்று அர்த்தம்.

கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ மெஷின் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி. கீழே ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்றிருந்தால் கழற்றக்கூடிய ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ஒட்டியது. பக்கத்திலேயே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 2 ஆஃப் 2’ என்று காட்டும், அதைப் பார்த்து இரண்டு ஸ்லாட் இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். ஒட்டிய சிப்புகளையும் விண்டோஸ் ஸ்லாட் கணக்கில்தான் சேர்க்கிறது.

அடுத்த ஏமாற்று, ‘1 டிபி வரை எக்ஸ்பாண்டபிள் ஸ்டோரேஜ்’. அது மெமரி கார்டு போடும் துவாரம். படமும் பாட்டும் வைக்கலாம், விண்டோஸ் அதில் குடியேறாது. 64 ஜிபி இஎம்எம்சி விண்டோஸில் சுமார் 58 ஜிபியாகத் தெரியும். அதில் பாதியளவை விண்டோஸும் ரிக்கவரி பகுதியும் எடுத்துக்கொள்ளும். மீதியில் ஆஃபீஸ், வாட்ஸ்ஆப், நாலு படம். பெரிய அப்டேட் வரும்போது இடம் போதாமல் இறங்கும், தோற்கும், மறுபடி இறங்கும். சி டிரைவ் சிவப்பிலேயே நிற்கும். ரேம் 4 ஜிபி என்பதால் குரோமில் நாலு டேப் திறந்ததுமே விண்டோஸ் இந்த இஎம்எம்சியைத்தான் ரேமுக்குப் பதிலாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும். திணறல் எங்கிருந்து என்று இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

“விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் போதும்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கே” என்பார்கள். சொல்லியிருக்கிறது. நிறுவுவதற்குக் குறைந்தபட்சத் தேவை அது. அதை வைத்துப் பிள்ளை ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு வேர்டு கோப்பும் திறக்க முடியும் என்று யாரும் சொல்லவில்லை. மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க, தமிழக அரசு நிறுவனமான எல்காட் 2025-இல் விட்ட டெண்டரிலேயே 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்றுதான் கேட்டார்கள். சொந்தக் காசில் வாங்குபவர்கள் அதற்குக் கீழே போகாதீர்கள். ரேம் ஒட்டியது என்று தெரிந்தால், முடிந்தவரை 16 ஜிபி மாடலையே வாங்கிவிடுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகத்தில் இது வலிக்கும், தெரியும். விலை அடிக்கடி மாறுகிறது என்பதால்தான் இங்கே ரூபாய்க் கணக்கே எழுதவில்லை.

இப்போது பிராசசர். செலிரான் என்4020, என்4500 இரண்டும் இரண்டே கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி). விலை எவ்வளவு இறங்கினாலும் விண்டோஸுக்கு வேண்டாம். 2023-இல் வந்த இன்டெல் என்100 நான்கு கோர், வெறும் 6 வாட். மின்னஞ்சல், பில்லிங், யூடியூப், டைப்பிங் எல்லாவற்றுக்கும் 8 ஜிபியோடு தாராளம். அதில் மெமரி சேனல் (ரேமுக்குப் போகும் பாதை) ஒன்றுதான் என்பதால் ஸ்லாட் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். 8-ஐக் கழற்றிவிட்டுத்தான் 16 போட வேண்டும், பழையது பக்கத்தில் உட்காராது.

‘ஐ3’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்ததும் மயங்குவது தனி வியாதி. ஐ3-1215யு-வும் ஐ3, ஐ3-என்305-ம் ஐ3. முதலாவதில் இரண்டு பெரிய (வேகமான) கோரும் நான்கு சின்ன (மின்சாரம் மிச்சம் பிடிக்கும்) கோரும், இரண்டாவதில் எட்டும் சின்ன கோர். ஏஎம்டியில் ரைசன் 3 7320யு, ரைசன் 5 7520யு இரண்டிலும் நான்கு கோர்தான், வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ‘5’ என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 7 என்று ஆரம்பிப்பதால் புதுத் தலைமுறை என்றும் நினைக்காதீர்கள். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு. அன்றாட வேலைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் இந்த இரண்டும் எல்பிடிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். எந்தக் கம்பெனி செய்தாலும் ரேம் ஒட்டியதாகத்தான் இருக்கும். 8 ஜிபி வாங்கினால் ஆயுளுக்கும் 8 ஜிபி.

பழையது வாங்கலாமா? நல்லதைப் பார்த்து வாங்கினால், புதிய மலிவு பிளாஸ்டிக்கைவிட ஆபீஸில் ஓடிய பழைய மெஷின் மேல் என்பது என் கருத்து. ஆனால் எட்டாம் தலைமுறை இன்டெலுக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 14 அக்டோபர் 2025-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறையாக வராது. “ஐ7 சார், இந்த விலைக்குக் கிடைக்காது” என்று காட்டுவது பெரும்பாலும் ஏழாம் தலைமுறை ஐ7-7500யு, இரண்டு கோர். அடுத்த வருசத்து, எட்டாம் தலைமுறை ஐ5-8250யு நான்கு கோர், அதுதான் வேண்டியது. சின்னதாக வேண்டும் என்றால் எச்பி எலைட்புக் 830 ஜி5-இல் இரண்டு ரேம் ஸ்லாட், டெல் லாட்டிட்யூட் 7290-இல் ஒன்று. லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280 அருமையான மெஷின்தான், ஆனால் ரேம் ஒட்டியது. எட்டு ஜிபிக்குக் குறைவாக இருந்தால் தொடாதீர்கள்.

காசு கொடுக்கும் முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். ஆன் செய்தவுடன் அழுத்த வேண்டியது, திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். “அதை எடுத்துடலாம்” என்பார்கள், எடுத்த பிறகு விற்கட்டும். கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி, ‘டிசைன் கெபாசிட்டி’யையும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’யையும் ஒப்பிடுங்கள். 42,000-க்கு 25,200 என்றால் 60 சதவீதம்தான் மிச்சம், புது பேட்டரி விலையைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள். டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடவே கூடாது. டெல்லுக்கு டூப்ளிகேட் சார்ஜர் கொடுத்திருந்தால், ஆன் செய்யும்போது அடாப்டர் வகை தெரியவில்லை என்று செய்தி வரும். பேட்டரி ஏறாது, பிராசசர் வேகமும் இறங்கிவிடும். அதை ‘ஸ்லோ’ என்று நினைத்து ஃபார்மேட் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

புதியதோ பழையதோ, இன்னும் சில. திரையைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள், நிறம் தலைகீழானால் டிஎன் பேனல் (மலிவு வகைத் திரை). ஐபிஎஸ் (சாய்த்தாலும் நிறம் அப்படி மாறாத திரை), 1920 × 1080 என்று கேட்டு வாங்குங்கள். டைப்-சி துவாரம் இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறாது, சிலவற்றில் டேட்டா மட்டும்தான். சார்ஜரைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். டைப்-சியில் ஏறினால், உருண்டை பின் ஜேக் உடைந்து எங்களிடம் வரும் செலவு மிச்சம். பெரும்பாலான சின்ன மாடல்களில் கீபோர்டை மேல்மூடியோடு உருக்கி ஒட்டியிருப்பார்கள். டீ கொட்டினால் கீபோர்டு மட்டும் மாற்ற முடியாது. தயவுசெய்து மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காதீர்கள், நடுவில் பிடியுங்கள். கீலைத் தாங்குவது பிளாஸ்டிக்கில் பதித்த சின்ன நட்டுகள்தான்.

ஏற்கெனவே 4 ஜிபி மெஷினை வாங்கிவிட்டவர்கள் தூக்கி எறிய வேண்டாம். ஸ்டார்ட்அப்பில் ஓடுவதையெல்லாம் நிறுத்துங்கள். பெரிய அப்டேட் இடம் கேட்டால் ஒரு 32 ஜிபி பென்டிரைவைச் செருகிவையுங்கள், தற்காலிக இடமாக அதைப் பயன்படுத்திக்கொள்ள விண்டோஸே கேட்கும். அப்படியும் ஓடவில்லை என்றால் கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். பிரவுசரும் லிப்ரே ஆஃபீஸும் அதில் நன்றாகவே ஓடும், தமிழும் அடிக்கலாம். டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள் வேண்டும் என்பவர்கள் மட்டும் இதைச் செய்யாதீர்கள். கோப்புகளின் நகலை இன்றைக்கே எடுத்துவையுங்கள். இஎம்எம்சி செத்தால் எஸ்எஸ்டி போலக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்க்கும் வழி எங்களிடமும் கிடையாது.