மூலையில் குனியும் டார்ச்: பிளாஸ்மா வெட்டு மேசையின் கட்டுப்பாட்டு மென்பொருள்

வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகக் கட்டிய, கணினி வழி இயங்கும் சிஎன்சி பிளாஸ்மா மேசை ஒன்றில் 3 மிமீ எம்.எஸ். (மென் எஃகு) தகட்டை ஏற்றி, 100 மிமீ பக்கமுள்ள ஒரு சதுரத்தை வெட்டச் சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு விசித்திரம் தெரியும். நேர்க்கோட்டில், வெட்டும் முனையான டார்ச் ஒரே உயரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். மூலை நெருங்கியதும் யாரோ தலையைப் பிடித்து அழுத்தியதைப் போலத் தகட்டை நோக்கிக் குனியும். மூலையைத் தாண்டிச் சிறிது தூரம் போன பிறகே நிமிரும். குனிந்தது கொஞ்சமாக இருந்தால் மூலையில் கசடு ஒட்டியிருக்கும். அதிகமாக இருந்தால் டார்ச்சின் நுனியான நாசில் தகட்டில் உரசி, அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். இதைக் கண்டவர்கள் முதலில், டார்ச்சை ஏற்றி இறக்கும் இசட் அச்சின் ஸ்குரூவையும் மோட்டாரையும்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் பெரும்பாலான நேரங்களில் இயந்திரத்தில் ஒரு குறையும் இருப்பதில்லை. தனக்கு இடப்பட்ட கட்டளையை மென்பொருள் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியதால் வந்த வினை அது.

டார்ச்சுக்குள் இருக்கும் எலக்ட்ரோடுக்கும் தகட்டுக்கும் இடையே மின்வில் எரிகிறது. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று அந்த வில்லோடு சேர்ந்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமே உள்ள நாசில் துளை வழியே நெருக்கியடித்து வெளியேறும்போது, 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய பிளாஸ்மாவாகிறது. உலோகத்தை உருக்குவது அந்த வெப்பம். உருகியதை அடிப்பக்கமாக ஊதித் தள்ளுவது அந்த வேகம். இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்க நாசிலுக்கும் தகட்டுக்கும் இடையே 1.5 மிமீ அளவிலான இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் வெட்டின் ஓரம் சாய்ந்து, மேல்விளிம்பு மழுங்கிப்போகும். குறைந்தால் நாசில் சீக்கிரம் தேயும். மெல்லிய தகடோ சூடு ஏற ஏற அப்பளம் போல நெளிந்து எழும்பும். ஆகவே டார்ச்சை ஒரே உயரத்தில் பூட்டி வைத்துவிட்டு வெட்ட முடியாது. தகட்டின் நெளிவைப் பின்தொடர்ந்து அது ஏறி இறங்க வேண்டும்.

வெட்டு நடக்கும் இடத்தில் எந்த உணரியையும் வைத்து உயரத்தை அளப்பது கடினம், ஏனெனில் அங்கே தீப்பொறியும் புகையும் தவிர வேறெதற்கும் இடமில்லை. அதனால் மின்வில்லையே அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். மின்னோட்டம் மாறாமல் இருக்கும்போது வில் நீண்டால் அதன் வோல்ட்டேஜ் கூடும், சுருங்கினால் குறையும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குச் சில வோல்ட் என்பது நடைமுறைக் கணக்கு. 110 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 114 வந்தால் டார்ச்சை இறக்கு, 106 வந்தால் ஏற்று என்பதுதான் டார்ச் உயரக் கட்டுப்பாட்டின் சாரம். வில்லின் வோல்ட்டேஜை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்து ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் 10 பிட் உள்ளீட்டுக்குக் கொடுத்தால், ஒரு படி என்பது ஏறத்தாழ கால் வோல்ட். அதாவது அளவீட்டின் நுணுக்கத்துக்கு அங்கே பஞ்சமில்லை. பஞ்சம் இருப்பது வேறிடத்தில்: அந்த வோல்ட்டேஜ் சொல்வது வில்லின் நீளத்தையே தவிர, டார்ச்சின் உயரத்தை அல்ல. நேர்க்கோட்டில் சீரான வேகத்தில் போகும்போது இரண்டும் ஒன்றுதான். மூலையில் அவை பிரிந்துவிடுகின்றன.

ஏன் பிரிகின்றன என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 3000 மிமீ, அதாவது வினாடிக்கு 50 மிமீ என்றும், மேசையின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 500 மிமீ என்றும் வைத்துக்கொள்வோம். பொழுதுபோக்கு மேசைகளில் பரவலாக ஓடும் ஜிஆர்பிஎல் என்ற ஃபர்ம்வேர் (கட்டுப்பாட்டுப் பலகைக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்), மூலையை எவ்வளவு வேகத்தில் கடக்கலாம் என்பதை, மூலையை ஒரு சின்ன வட்ட வில்லாகக் கற்பனை செய்து கணக்கிடுகிறது; அந்தக் கற்பனை வில் உண்மையான மூலையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கு அதில் இயல்பாக வைத்திருக்கும் மதிப்பு 0.01 மிமீ. இந்த எண்களைப் போட்டால், 90 பாகை மூலையைக் கடக்க அனுமதிக்கப்படும் வேகம் வினாடிக்கு வெறும் 3.5 மிமீ. ஐம்பதிலிருந்து மூன்றரைக்கு இறங்க 2.5 மிமீ தூரம் வேண்டும், மறுபடி ஏற இன்னொரு 2.5 மிமீ. இந்த 5 மிமீ தூரத்தை டார்ச் கடப்பதற்கு 0.19 வினாடி ஆகிறது. வேகம் குறைந்த அந்த நேரத்தில் வில் ஒரே இடத்தில் அதிகம் தங்கி, வெட்டுப் பள்ளத்தை அகலமாக்கிவிடுகிறது, காலடியில் உலோகம் இல்லாத வில், விலகிப்போன விளிம்பைத் தேடி நீள்கிறது, வோல்ட்டேஜ் ஏறுகிறது. உயரக் கட்டுப்பாடு இதைப் பார்த்து, டார்ச் மேலே போய்விட்டது என்று முடிவுகட்டி, கீழே இறக்குகிறது. இசட் அச்சு வினாடிக்கு 20 மிமீ வேகத்தில் இறங்கக்கூடியது என்றால், 1.5 மிமீ இடைவெளி முழுவதையும் மூட 75 மில்லிவினாடி போதும். 0.19 வினாடியில் அது இரண்டு முறை தகட்டில் முட்டலாம்.

இங்கே பலர் செய்யும் தவறு, உயரக் கட்டுப்பாட்டின் வேகத்தைக் குறைப்பது. அப்படிச் செய்தால் மூலையில் குனிவது குறையும், தகடு நெளியும் இடத்தில் டார்ச் பின்தங்கிப்போகும். செய்ய வேண்டியது அதுவல்ல. உணரியை எப்போது நம்ப வேண்டும், எப்போது நம்பக் கூடாது என்பதை மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்கான தகவல் மென்பொருளிடம் ஏற்கெனவே இருக்கிறது: மூலை வரப்போகிறது என்பதும், தான் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருப்பதும் இயக்கத் திட்டமிடும் பகுதிக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது உயரத்தைக் கவனிக்கும் பகுதிக்குத்தான், ஏனெனில் மலிவான மேசைகளில் அது தனிப் பெட்டியாக, தனி மூளையோடு இருக்கிறது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாத நிலை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

தீர்வு எளியது. உண்மையான வேகம், கட்டளையிட்ட வேகத்தின் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், உயரக் கட்டுப்பாட்டை அந்த உயரத்திலேயே பூட்டிவிட வேண்டும். மேலே சொன்ன மேசையில், வேகம் ஐம்பதிலிருந்து நாற்பத்தைந்துக்கு இறங்க 10 மில்லிவினாடியும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரமும் ஆகின்றன. வோல்ட்டேஜ் பெரிதாக ஏறுவதற்குள் பூட்டு விழுந்துவிடும். வேகம் மீண்ட உடனேயே பூட்டைத் திறந்துவிடாமல் இன்னும் சற்று நேரம் வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் மூலையில் ஏறிய வோல்ட்டேஜ் அடங்கவும் சிறிது நேரம் பிடிக்கிறது. ஜிஆர்பிஎல் தன் இயக்கத்தை 10 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் வேகத்தைக் கணக்கிடுகிறது. நிரல் கோரிய வேகமும் அதே இடத்தில் கையருகே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வெளியீட்டு முனையை ஏற்றி இறக்கும் சில வரிகளைச் சேர்த்து, அந்த முனையிலிருந்து உயரப் பெட்டிக்கு ஒரு கம்பி இழுத்தால், இரண்டு மூளைகளும் பேசிக்கொள்ளத் தொடங்கும். மூல நிரல் திறந்தே கிடப்பதால் இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

லினக்ஸ்சிஎன்சியில் இந்தக் கம்பிகூடத் தேவைப்படுவதில்லை. அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990களில் உருவான கட்டுப்பாட்டு மென்பொருளின் வழிவந்த இது, ஒரு முழுக் கணினியில், வழக்கமாக ஒவ்வொரு மில்லிவினாடிக்கும் ஒருமுறை இயங்கும் நிகழ்நேரச் சுழலில் அச்சுகளை நகர்த்துகிறது. அதன் பிளாஸ்மாசி என்ற பகுதி, வேகத்தையும் வோல்ட்டேஜையும் உயரத்தையும் அந்த ஒரே சுழலுக்குள் வைத்துப் பார்க்கிறது. ஊனோவின் 2 கிலோபைட் நினைவகத்தில் ஜிஆர்பிஎல் செய்வது ஒரு சாதனைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பிளாஸ்மாவுக்கென்று புதிதாக மேசை கட்டுபவருக்கு நான் லினக்ஸ்சிஎன்சியையே பரிந்துரைப்பேன்.

மூலைக்கு அடுத்த சிக்கல், ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தை டார்ச் குறுக்கே கடப்பது. இங்கே வேகம் குறைவதில்லை, ஆகவே வேகப் பூட்டு உதவாது. ஆனால் வோல்ட்டேஜ் ஏறும் விதம் வேறு. 50 மிமீ தூரத்துக்கு 1 மிமீ எழும்பும் தகட்டின் மேல் வினாடிக்கு 50 மிமீ வேகத்தில் போனால், மில்லிமீட்டருக்கு 5 வோல்ட் என்று கொண்டால்கூட, வோல்ட்டேஜ் வினாடிக்கு 5 வோல்ட் அளவிலேயே மாறும். பள்ளத்தின் மேல் வில் தடுமாறும்போதோ, 20 மில்லிவினாடிக்குள் 10 வோல்ட் எகிறலாம். அது வினாடிக்கு 500 வோல்ட் என்ற கணக்கு. நூறு மடங்கு வேறுபாடு இருப்பதால், மாறும் வேகத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறிந்து, எகிறும்போது கட்டுப்பாட்டைப் பூட்டிவிடலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. மின்வில் ஓர் இரைச்சல்காரன். வோல்ட்டேஜ் அளவீடு நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கத்தைக் குறைக்கக் கடைசி 100 மில்லிவினாடியின் சராசரியை எடுத்தால் கோடு அழகாக வரும், ஆனால் அந்தச் சராசரி ஏறத்தாழ 50 மில்லிவினாடி பழைய செய்தி. அதற்குள் டார்ச் 2.5 மிமீ நகர்ந்துவிட்டிருக்கும். மூலைக்கு முன்னால் வேகம் குறையும் தூரமும் அதே 2.5 மிமீ என்பதை நினைத்துப் பார்த்தால், அளவுக்கு மீறிய வடிகட்டல் எவ்வளவு ஆபத்து என்பது புரியும். நடுக்கத்தை மென்பொருளில் பூசி மறைப்பதைவிட, பூமி இணைப்பைச் சரிசெய்வதும், வோல்ட்டேஜை அதிர்வெண்ணாக மாற்றி அனுப்பும் சிறு பலகையை டார்ச் மின்மூலத்தின் அருகிலேயே வைப்பதும் மேல்.

இலக்கு வோல்ட்டேஜை ஒரு முறை அட்டவணையில் பார்த்து நிரலில் எழுதிவிடும் பழக்கமும் கைவிட வேண்டியது. எலக்ட்ரோடின் நுனியில் உள்ள ஹாஃப்னியம் துண்டு, வெட்ட வெட்டக் குழிந்துகொண்டே போகிறது. குழி ஆழமானால், டார்ச் அதே உயரத்தில் இருந்தாலும் வில் நீளமாகி வோல்ட்டேஜ் கூடிவிடும்; பழைய இலக்கையே பிடித்துக்கொண்டிருக்கும் மென்பொருள் டார்ச்சை நாளுக்கு நாள் சற்றுத் தாழ்த்திக்கொண்டே வரும். இதற்கு மாற்று, ஒவ்வொரு வெட்டின் தொடக்கத்திலும் நாசிலைத் தகட்டில் தொடவைத்து மேற்பரப்பைக் கண்டுபிடித்து, துளையிடும் உயரத்துக்கு ஏறி, தகடு துளைபட்டதும் வெட்டும் உயரத்துக்கு இறங்கி, வேகம் சீரான பிறகு அங்கே கிடைக்கும் வோல்ட்டேஜையே அந்த வெட்டின் இலக்காக எடுத்துக்கொள்வது. அப்போது எலக்ட்ரோடின் வயது கணக்கிலிருந்து தானாகவே விலகிவிடும். இதில் எல்லாமே அந்த முதல் தொடுகை துல்லியமாக இருப்பதைப் பொறுத்தது. தண்ணீர்த் தொட்டி மேசைகளில் நாசிலில் ஒட்டிய நீர்த்துளிகூடத் தொடுகையாகத் தெரியக்கூடும் என்பதால், டார்ச் தகட்டில் முட்டி மேலே தள்ளப்படும்போது இயங்கும் மிதவை சுவிட்சு ஒன்றையும் துணைக்கு வைத்துக்கொள்வார்கள்.

சிறு துளைகளில் உயரக் கட்டுப்பாட்டை முற்றிலும் அணைத்துவிட்டு, வேகத்தை 60 விழுக்காட்டுக்குக் குறைப்பது வழக்கம். துளை முழுவதுமே ஒரு தொடர் மூலையைப் போன்றதுதான். சுழன்று வரும் பிளாஸ்மா, பயணத் திசைக்கு வலப்பக்கத்தில் நேரான ஓரத்தையும் இடப்பக்கத்தில் சாய்ந்த ஓரத்தையும் விட்டுச்செல்வதால், வெளிவரம்பைக் கடிகாரத் திசையிலும் துளைகளை எதிர்த்திசையிலும் வெட்ட வேண்டும். இதை, இயந்திரத்துக்கான கட்டளை வரிகளான ஜி-கோடு உருவாக்கும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

மாற்றங்களைச் செய்தபின் அதே 100 மிமீ சதுரத்தை மீண்டும் வெட்டி, வேகம், வோல்ட்டேஜ், இசட் உயரம் மூன்றையும் ஒரே நேர அச்சில் பதிவுசெய்து பார்க்க வேண்டும். நான்கு மூலைகளிலும் வேகக் கோடு பள்ளமாக இறங்கி, வோல்ட்டேஜ் கோடு மேடாக ஏறி, இசட் கோடு மட்டும் அசையாமல் நின்றால் பூட்டு வேலை செய்கிறது. மூலை முடிந்த பின் இசட் கோடு ஒரு சிறு படியாகக் கீழே விழுந்தால், பூட்டு சீக்கிரம் திறக்கிறது என்று பொருள்; திறக்கும் தாமதத்தை 50 மில்லிவினாடி கூட்டிவிட்டு, இன்னொரு சதுரத்தை வெட்டிப் பார்க்கலாம்.