பகிடிவதை: ஒரு சொல் விளக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிள்ளைக்குக் கம்பஸ், அதாவது பல்கலைக்கழக இடம், கிடைத்துவிட்டால், வாழ்த்துச் சொல்லி முடிக்கும் முன்பே தாய் கேட்பது: "அங்க ராக்கிங் கூடவோ?" வீட்டில் ராக்கிங் என்பதுதான் பேச்சு. மறுநாள் பத்திரிகையில் அதுவே பகிடிவதை.

ராக்கிங் இங்கிலாந்து மாணவர் வழக்கிலிருந்து வந்தது. சீண்டுதல், கேலி பண்ணுதல் என்பதற்கு மேல் அதில் பாரம் இல்லை. நம்மவர்களோ தமிழாக்கும்போது இரண்டு சொற்களைச் சேர்த்தார்கள். பகிடி, பகடியின் ஈழத்துப் பேச்சு வடிவம்; "சும்மா பகிடிக்குச் சொன்னனான்" என்கிறோமே, அது. வதை, வடமொழி 'வத'த்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் கொலை. நம் பேச்சில் சித்திரவதையில் வருகிற வதை. ஆங்கிலச் சொல் மூடி வைத்ததைத் தமிழ்ச் சொல் திறந்து காட்டிவிட்டது. இந்த ஆக்கத்தை நான் மதிப்பது அதனால்தான்.

ஆனால் முன்பாதி உறுத்துகிறது. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர், சிரேஷ்ட மாணவர்கள் கட்டாயப்படுத்திச் செய்வித்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். இதில் பகிடி எங்கே இருக்கிறது?

மறு ஆண்டே, பகிடிவதையைத் தடைசெய்ய இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மாணவருக்கோ பணியாளருக்கோ உடற்காயம், உளக்காயம், மன வேதனை, அச்சம் இவற்றில் ஒன்றை ஏற்படுத்தும் அல்லது ஏற்படுத்தக்கூடிய செயல் எதுவும் பகிடிவதை என்கிறது அது. விளையாட்டு என்ற பேச்சே அந்த வரைவிலக்கணத்தில் இல்லை. தண்டனை 2 ஆண்டு வரை கடூழியச் சிறை; படுகாயமோ பாலியல் துன்புறுத்தலோ நேர்ந்தால் 10 ஆண்டு வரை. மிரட்டி ஒன்றைச் செய்ய வைக்க முயன்றால் 5 ஆண்டு வரை.

அந்த மிரட்டிச் செய்விப்பதைப் பத்திரிகைகள் பலவந்தம் என்று எழுதும். வடமொழியில் 'பல' என்றால் வலிமை. பலவந்தம் என்பது வலிமை உடைமை. சரி, நல்ல தமிழில்? வலிந்து. புதிதாக ஆக்கத் தேவையில்லை. 'வலிந்து காணாமலாக்கப்பட்டோர்' என்ற தொடரில் அந்தச் சொல்லின் பாரத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு பிள்ளை வைத்தியசாலையில் கிடக்கும்போது, 'பகிடிவதைக்குள்ளான மாணவர்' என்று எழுத எனக்குக் கை வராது. 'வலிந்து வதைக்கப்பட்ட மாணவர்' என்றுதான் எழுதுவேன்.