கொக்கின் கொம்பு எங்கே நிற்கும்?

நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி பாயை விரித்து, பக்கத்தில் எழுத்து வில்லைகள் அடுக்கிய பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். சென்னையில், குழந்தைகள் பொருள்களைக் கையில் எடுத்துத் தாமே கற்கிற ஒரு மாண்டிசோரி வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கொக்கு’ என்று எழுத வேண்டும். வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். முதலில் ‘க்’ கேட்டது. க-வை எடுத்து வைத்தாள். அடுத்து ‘ஒ’ கேட்டது. கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் கேட்கிற ஒலிக்கான கொம்பு, எழுத்தில் க-வுக்கு முன்னால் போய் நிற்கிறது. கால் மட்டும் பின்னால் வருகிறது. கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஆசிரியை வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து அவளே க-வைத் தள்ளிவைத்து இடம் விட்டாள்.

அதே சிறுமி சற்று முன்புதான் ஆங்கிலப் பெட்டியில் ‘கேட்’, அதாவது பூனை, எழுதி முடித்திருந்தாள். அங்கே உயிரெழுத்துகள் நீலம், மெய்யெழுத்துகள் சிவப்பு. மூன்று ஒலிகள், மூன்று எழுத்துகள், காது கேட்ட வரிசையிலேயே கையும் வைத்துவிடுகிறது. தமிழில் அப்படி இல்லை. நம் எழுத்து பெரும்பாலும் ஓர் அசையையே பிடிக்கிறது. சின்னக் குழந்தைக்கு அசையைப் பிரிப்பது எளிது. கை தட்டித் தட்டியே ‘அம்-மா’ என்று பிரித்துவிடும். அசைக்குள் இருக்கும் தனி ஒலியைப் பிரிப்பதுதான் கடினம். ஆங்கில எழுத்து குழந்தையிடம் கேட்பது அந்த இரண்டாவது வேலையை. இரண்டையும் ஒரே வயதில் செய்கிற குழந்தைக்குப் பேச்சு எதனால் ஆனது என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியவருகிறது. இருமொழிக் கல்வியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

247 எழுத்துகளைப் பார்த்துப் பெற்றோர் மலைத்துப்போவது உண்டு. பொருளாகக் கையில் எடுத்துப் பார்த்தால் மலைப்பு குறைகிறது. உயிர் 12, மெய் 18, ஓர் ஆய்தம், அப்புறம் கொம்பும் காலும் போன்ற சில குறிகள். கு, டு, மு, ரு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிற உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் 36 வில்லைகள் தனியாகச் செய்ய வேண்டும். மற்றதெல்லாம் சேர்த்து வைப்பதுதான்.

இந்தக் கல்விமுறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தன் முதல் பள்ளியை 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் திறந்தார். அங்கிருந்த குழந்தைகள் படிக்கக் கற்பதற்கு முன்பே எழுதத் தொடங்கினார்கள். இத்தாலியம் பெரும்பாலும் சொல்கிறபடியே எழுதப்படும் மொழி என்பதும் அதற்கு ஒரு காரணம். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைப் பலகையில் ஒட்டி, குழந்தையின் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் எழுதுகிற திசையிலேயே தடவச் சொல்வார்கள். தடவும்போதே ஒலியையும் சொல்ல வேண்டும். எழுத்தின் பெயரை அல்ல, ஒலியை. கண் பார்க்கிறது, காது கேட்கிறது, விரலுக்குச் சொரசொரப்பு தெரிகிறது, கைத்தசைக்கு வளைவு பழகுகிறது. எந்த எழுத்துமுறைக்கும் இது பொருந்தும். ஆனால் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை மொழிக்கு மொழி புதிதாக யோசித்தாக வேண்டும். ஆங்கிலத்தில் சொல்வது ஒன்று, எழுதுவது வேறொன்று. நமக்கோ கண், தங்கம், பகல் மூன்றுக்கும் ஒரே க. ஆங்கிலத்தில் k, g என்று இரண்டு எழுத்தைத் தடவிப் பழகிய குழந்தை, “தங்கத்துல ஏன் வேற எழுத்து இல்ல?” என்று கேட்கத்தான் செய்யும். நல்ல கேள்வி அது. பதில் சொல்லத் தெரிந்தவர் அந்த வகுப்பில் இருக்க வேண்டும்.

சரி, இரண்டு மொழிகள் ஓர் அறைக்குள் எப்படி இருக்கின்றன? பல பள்ளிகள் ஒரே வகுப்பில் இரண்டு பெரியவர்களை வைக்கின்றன. ஒருவர் தமிழில் மட்டும் பேசுவார், மற்றவர் ஆங்கிலத்தில் மட்டும். நான் பார்த்த வகுப்பில் குழந்தைகள் அவர்களைத் ‘தமிழ் அக்கா’, ‘இங்கிலீஷ் ஆன்ட்டி’ என்றுதான் அழைத்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிபெயர்ப்பது கிடையாது. மொழிபெயர்ப்பு வரும் என்று தெரிந்தால் குழந்தை காத்திருக்கும். வராது என்று தெரிந்தால் முகத்தையும் கையையும் பார்த்துத் தானே புரிந்துகொள்ளும்.

மொழி மனிதர் வழியாகத்தான் வருகிறது என்பதற்கு நல்லதொரு சோதனை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பெட்ரிசியா குல் 2003-இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மாண்டரின் பேசுகிறவர்கள் 12 முறை உட்கார்ந்து விளையாடினார்கள், படித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. ஒன்பது மாதக் குழந்தையும் மூன்று வயதுக் குழந்தையும் ஒன்றல்ல என்பது உண்மை. இருந்தாலும், தமிழுக்கு ஒரு வீடியோவைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

காலமும் முக்கியம். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் கனடாவில் நடத்திய ஆய்வில், ஆங்கிலக் குடும்பங்களின் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியில் நாக்கு பல்லைத் தொடும் ஒலியையும் மேலே மடியும் ஒலியையும் பிரித்தறிந்தன. நம் த-வுக்கும் ட-வுக்கும் உள்ள வேறுபாடுபோல. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. கேட்காத ஒலியை மூளை ஒதுக்கிவிடுகிறது.

குழந்தை இரண்டு மொழியையும் கலந்து பேசினால் குழம்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். கையில் எந்தச் சொல் இருக்கிறதோ அதை எடுத்துப் பேசுகிறது, அவ்வளவுதான். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் சொல்வளம் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எண்களுக்கு வருவோம். மாண்டிசோரி வகுப்பில் எண்ணப் பழகும் தங்க நிற மணிகளில் ஒன்று தனி மணி, பத்து ஒரு கம்பி, நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனசதுரம். தமிழில் ‘பதினொன்று’ என்றாலே பத்தும் ஒன்றும் காதில் விழுகிறது. ஒரு கம்பி, ஒரு மணி. ஆங்கில ‘லெவன்’ எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் தொண்ணூறில் தமிழ் காலை வாருகிறது. பெயரில் ‘நூறு’ கேட்கிறது, தட்டிலோ ஒன்பது கம்பிகள்தான். தொள்ளாயிரத்திலும் அதே கதை. ஆயிரம் கேட்கும், ஆயிரத்தின் கனசதுரம் இருக்காது. மணிகளைத் தொட்டு எண்ணிய குழந்தை இந்த இடத்தில் தடுமாறினாலும் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. எண் என்பது பெயர் அல்ல என்று அதற்கு மணிகளே சொல்லிவிடுகின்றன.

இந்தக் கல்விமுறைக்கு நம் மண்ணோடு ஒரு நேரடி உறவும் உண்டு. 1939 இறுதியில் மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். சுமார் 300 பேருக்குப் பயிற்சி நடந்தது. அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. ஆகஸ்ட் 31-இல் அம்மாவுக்கு 70 வயது நிறைந்ததை ஒட்டி விடுவித்தது. 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் இருந்தார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கான கல்வி பெருமளவு உருப்பெற்றது அங்கேதான். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அந்த வேலையில் உடனிருந்தார்.

அந்த வயதுதான் என் கவலையும். ஆறு வயதுவரை இரண்டு மொழியையும் பொத்திப் பொத்தி வளர்க்கிற பள்ளிகளில்கூட, அதன்பின் அறிவியல், வரலாறு, கணக்கு எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விடுகின்றன. தமிழ் ஒரு பாடவேளையாகச் சுருங்குகிறது. பேச்சுமொழி கைவர இரண்டு ஆண்டு போதும் என்றால், பாடத்தைச் சிந்திக்கிற மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டினார். ஆறு வயதில் நிறுத்தினால் அந்த மொழி சாப்பாட்டு மேசையோடு நின்றுவிடும்.

இந்தப் பருவத்தில் மாண்டிசோரி வகுப்புகளில் ஐந்து பெருங்கதைகள் சொல்வார்கள்: அண்டம், உயிர், மனிதன், எழுத்து, எண். எழுத்தின் கதையைத் தமிழிலும் சொல்லிப் பாருங்கள். கீழடிப் பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்தின் படத்தை எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுத்தால், தானே ஒரு களிமண் ஓட்டில் தன் பெயரைக் கீறத் தொடங்கிவிடும். அதற்குப்பின் பாடப்புத்தகத்தைத் திணிக்கத் தேவையில்லை. கேள்விகள் வந்துகொண்டே இருக்கும்.

பன்னிரண்டுக்கு மேல் மாண்டிசோரி முன்வைத்தது இன்னும் துணிச்சலானது: பண்ணை, அதில் விளைவதை விற்கிற ஒரு கடை, கூடித் தங்கும் விடுதி. அதற்கு ‘மண்ணின் பிள்ளைகள்’ என்று பொருள் வரும் ‘எர்ட்கிண்டர்’ என்ற ஜெர்மன் பெயரை வைத்தார். முழுப் பாடத்திட்டமாக எழுதி முடிக்கவில்லை. மொழிக்கு இந்த வயது தாமதம் என்றும் சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய 6,70,000 பேரின் ஆங்கில இலக்கணத்தைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, இலக்கணம் கற்கும் திறன் 17 வயதுவரை பெரிதாகக் குறைவதில்லை என்று கணித்தது. தாய்மொழிக்காரர்போல ஆக வேண்டுமானால் பத்து வயதுவாக்கில் தொடங்கிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது.

நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு குறுக்கே நிற்கிறது. பல மாண்டிசோரி பள்ளிகள் அதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. ஆனாலும் ஒரு கீரைப்பாத்தி போட இடம் வேண்டாமா? மண் பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படித்து, தழைச்சத்து எவ்வளவு, என்ன உரம் என்று பக்கத்து வயல்காரருக்குத் தமிழில் விளக்க வேண்டும். அவர் ‘மண்ணு உப்புப் பூத்திருக்கு’ என்று சொல்வதை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுத வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து சண்டைபோட்டுக்கொண்டே செய்யக்கூடிய வேலை அது.