டிரமடாலைப் பூட்டினோம், டாபென்டடால் வந்தது

தாராவியில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். மூட்டை தூக்குகிறவர்கள், தோல் பட்டறையில் நாளெல்லாம் குனிந்து வேலை பார்க்கிறவர்கள் என்று இங்கே உடம்புவலிக்குப் பஞ்சமே இல்லை. 2018 ஏப்ரலில், அபின் மாதிரி வேலை செய்கிற வலிநிவாரணியான டிரமடாலை என்டிபிஎஸ் எனும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் மத்திய அரசு கொண்டுவந்தது. கொஞ்ச நாளிலேயே கவுன்ட்டரில் கேட்கிற பெயர் அதே மாதிரியான இன்னொரு வலிநிவாரணிக்கு மாறிவிட்டது: “அண்ணே, அது இல்லேன்னா டாபென்டடால் ஒரு அட்டை குடுங்க, சீட்டு அப்புறம் கொண்டாறேன்.” அந்த “அப்புறம்” வந்ததே இல்லை என்பது வேறு கதை.

1985ல் வந்த இந்தச் சட்டம் பெரும்பாலும் கட்டுப்படுத்த வேண்டிய பொருட்களின் பட்டியலை வைத்து ஓடுவது. மும்பையில் எம்.டி. என்கிற மெஃபெட்ரோன் போதைப்பொருள் தெருவில் தாராளமாகப் புழங்கிய பிறகு, 2015ல்தான் பட்டியலில் ஏறியது. இப்போது உலகம் பயப்படுவது நிட்டசீன்கள் என்ற செயற்கை போதைப்பொருள்களைப் பார்த்து. 1950களில் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று வலிநிவாரணியாக உருவாக்கி, மருந்தாகாமலே போன குடும்பம் அது. அதில் சில வகைகள், மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமான வலிநிவாரணியான ஃபென்டனிலையே வீரியத்தில் மிஞ்சும். மூலக்கூற்றில் ஒரு மூலையை மாற்றினால் புதுப் பெயர், பட்டியலுக்கு வெளியே. அதனால்தான் பிரிட்டன் 2025 ஜனவரியிலும் சீனா அதே ஆண்டு ஜூலையிலும் குடும்பத்தையே மொத்தமாகத் தடுத்தன. நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே என் கட்சி.

ஆனால் இதே மாதிரி ஃபென்டனில் குடும்பத்தில் கைவைக்கும்போது நிதானம் வேண்டும், அது மருந்தாகவும் பயன்படுகிறது. 1985க்குப் பிறகு உரிமக் கெடுபிடிக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினையே கைகழுவின. புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். 2014 திருத்தம்தான் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. பரேல் டாடா புற்றுநோய் மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வருகிற நம்மவர்களில் சிலருக்கு தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பேட்ச் தேவைப்படும். அதைச் சட்டம் மறிக்கக் கூடாது.

சட்டம் வரும்வரை இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் போலித் தூக்கமாத்திரையிலேயே நிட்டசீன் இருந்திருக்கிறது. அட்டையில்லாத உதிரி மாத்திரையை நண்பன் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஒருவர் தட்டியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம், கண்மணி ஊசிமுனை அளவு என்றால் 108ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இந்த மருந்துகளின் வேகத்தை முறிக்கிற நலாக்ஸோன் ஊசி காப்பாற்றும், நிட்டசீனுக்கு ஒன்றுக்கு மேல் தேவைப்படலாம். அதனால் ஆஸ்பத்திரி கட்டாயம்.

வீட்டில் பேட்ச் போடுகிறவர் இருந்தால், கழற்றியதைப் பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். அதில் இன்னும் மருந்து மிச்சமிருக்கும்.