சாஃப்ட் சென்சார்: உய்த்துணரி

பெயரைக் கேட்டால் தொட்டதும் மெத்தென்றிருக்கும் கருவி என்று தோன்றும். 'மென் உணரி' என்று தமிழாக்கினால் அந்தத் தப்பெண்ணம் கெட்டிப்படும். இங்கே 'சாஃப்ட்' என்பது சாஃப்ட்வேரின் முன்பாதி. 'சென்சார்' என்பது உணர்தலைக் குறிக்கும் 'சென்டிரே' என்ற லத்தீன் வினையின் வழி வந்தது. நேரே அளக்க முடியாததை, அல்லது அளந்து முடிப்பதற்குள் காலம் கடந்துவிடுவதை, கையிலுள்ள அளவீடுகளைக் கொண்டு கணக்கிட்டுச் சொல்லும் நிரல் இது.

ஆலைகளில் இதற்கு 'இன்ஃபரென்ஷியல்', அதாவது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிவது, என்றும் பெயர். பொருத்தமான தமிழ் அங்கேதான் கிடைக்கிறது. நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் ஒன்று 'உய்த்துணர வைப்பு': வெளிப்படையாகச் சொல்லாததைச் சொன்னதைக் கொண்டு அறியவைப்பது. ஆகவே 'உய்த்துணரி' என்பதே என் தேர்வு.

பென்சீன், டொலுயீன் என்ற இரு திரவங்களைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும், தட்டுகள் அடுக்கிய வடிப்புக் கோபுரத்தைப் பாருங்கள். வளிமண்டல அழுத்தத்தில் பென்சீன் 80.1°C-லும் டொலுயீன் 110.6°C-லும் கொதிக்கும், மோல் கணக்கில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையில், சரிபாதிக் கலவை ஏறத்தாழ 92°C-ல். இரண்டே பொருள்கள் என்பதால், கொதிக்கும் தட்டின் வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால் கலவை தெரிந்துவிடும். பகுப்பாய்வுக் கருவியின் முடிவுக்காகப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டாம்.

அழுத்தத் திருத்தத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. அழுத்தம் 10 கிலோபாஸ்கல் ஏறினாலே கொதிநிலை சுமார் 3°C உயரும். நடுக்கலவையில் அது ஏறக்குறைய 10 மோல் விழுக்காட்டுப் பிழை. வெப்பமானியை உச்சித் தட்டில் வைப்பதும் வீண்: அங்கே பெரும்பாலும் பென்சீனே இருப்பதால் வெப்பநிலை அசையாது. சில தட்டுகள் கீழே, வெப்பநிலை செங்குத்தாக மாறும் இடமே தோது.

உய்த்துணரியின் கணிப்பை ஆய்வக முடிவைக் கொண்டு அவ்வப்போது திருத்த வேண்டும். 6 மணிக்கு எடுத்த மாதிரியின் முடிவு 8 மணிக்கு வந்தால், 6 மணிக் கணிப்போடுதான் ஒப்பிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வேறுபாடு முழுவதையும் ஒரேயடியாகத் திருத்தினால் ஆய்வகப் பிழையும் கணக்கில் புகுந்துவிடும். ஒவ்வொரு முறையும் கால்பங்கு போதும்.

கோபுரத்துக்குள் வரும் கலவையில், டொலுயீனைவிட அதிக வெப்பநிலையில் கொதிக்கும் சைலீன் கலந்துவிட்டால் கதை வேறு. சைலீனால் ஏறிய வெப்பநிலையைப் பென்சீன் குறைந்ததாக உய்த்துணரி எடுத்துக்கொள்ளும். அதை நம்பும் கட்டுப்பாட்டுக் கருவி ரிஃப்ளக்ஸை, அதாவது உச்சியில் குளிர்ந்து திரவமாகிக் கோபுரத்துக்குள் திரும்ப விடப்படும் பங்கை, கூட்டும். உச்சியில் கிடைக்கும் பென்சீனில் குறையே இருக்காது, அந்தத் திரவத்தை மீண்டும் கொதிக்கவைக்கும் நீராவிச் செலவு மட்டும் ஏறும்.