பழைய ஹெலிகாப்டரில் நாம் வாங்குவது மிச்ச மணிநேரத்தை

ஜெர்மனியில் உருவான போ 105, இரட்டை எஞ்சின் கொண்ட சிறிய ஹெலிகாப்டர். 1967-ல் முதன்முதலாகப் பறந்தது, 2001-ல் அதன் தயாரிப்பு நின்றது. அவற்றில் சில இன்னமும் கைமாறுகின்றன, பறக்கின்றன. இப்படிப்பட்ட ஒன்றை வாங்கப் போகிறவர் பெயிண்டையும் இருக்கையையும் பார்ப்பதற்கு முன்னால் ரோட்டரை, அதாவது அதைத் தூக்கிப் பறக்கவைக்கும் சுழலும் இறக்கைத் தொகுதியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

போ 105-ன் மேல் ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 424 முறை சுற்றுகிறது. முன்னோக்கிப் பறக்கும்போது, பறக்கும் திசையில் வீசி வரும் இறக்கைக்கு எதிர்க்காற்று அதிகம். பின்னால் போகும் இறக்கைக்குக் குறைவு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒரு முறை மேலும் கீழுமாக வளைகிறது. ஒரு மணிநேரத்துக்கு 25,000 தடவைக்கு மேல்! ஒரே இழுப்பில் உடையாத கம்பி, திரும்பத் திரும்ப மடக்கினால் உடைந்துவிடும் இல்லையா? அதே உலோகச் சோர்வுதான் இறக்கைகளைப் பிடித்திருக்கும் ரோட்டர் தலையிலும் நடக்கிறது. தொடக்கத்தில் விரிசல் கண்ணுக்கே தெரியாது. ஆகவே தயாரிப்பாளர்கள் முக்கியப் பாகங்களுக்கு மணிநேரக் கணக்கில் ஆயுள் குறிக்கிறார்கள். அது முடிந்தால், பாகம் பளபளவென்று இருந்தாலும் கழற்றிப் போட வேண்டியதுதான்.

எஞ்சினுக்குள் சூடான வாயு சுழற்றும் டர்பைன் சக்கரங்களுக்கு மணிநேரக் கணக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்தும்போதும் அவை கொதித்து ஆறுகின்றன, அதற்குத் தனிக் கணக்கு உண்டு. குட்டிக் குட்டிப் பயணமாகப் பறந்த எஞ்சின் மணிநேரத்தில் இளசாகத் தெரிந்தாலும் இந்தக் கணக்கில் கிழடாக இருக்கலாம்.

எஞ்சின் இரண்டு என்பதால் வரும் நிம்மதிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒன்று நின்றால் அதன் ஒருவழிக் கிளட்ச் விலகிக்கொள்ளும், மற்றொன்று ரோட்டரைச் சுழற்றும். ஆனால் இரண்டும் சேரும் பிரதான கியர்பாக்ஸ் ஒன்றே ஒன்று. அதன் எண்ணெயில் உலோகத் துகள் சேர்கிறதா என்று காந்தச் செருகியைக் கழற்றிப் பார்ப்பார்கள். "வருஷக்கணக்கா ஓட்டாம ஹேங்கர்லதான் நின்னுது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலைதான் வரும். ஓடாத பேரிங்கில் ஈரம் தங்கி அரிப்புக் குழி விழும். விரிசல் அங்கிருந்து புறப்படலாம்.

சரி, உதிரிப் பாகங்கள்? தயாரிப்பு நின்ற ரகத்துக்குப் பல பாகங்கள் இன்னொரு பழைய ஹெலிகாப்டரைப் பிரித்துத்தான் கிடைக்கும். அங்கே வரிசை எண்ணும் வரலாற்று அட்டையும் பாகத்தின் பாதி மதிப்பு. ஆயுள் குறித்த ஒரு பாகம் எத்தனை மணிநேரம் பறந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால் அது வெறும் உலோகத் துண்டு. நம்ப முடியாத பாகம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1989-ல் நார்வேயின் பார்ட்னேர் விமான நிறுவனத்தின் கான்வேர் 580 விமானம் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். வால் துடுப்பைப் பிடித்திருந்த பாகங்களில் தரம் குறைந்த போலிகள் இருந்ததை விசாரணை கண்டுபிடித்தது.

விலை பேசும்போது ரோட்டர் தலை, இறக்கைகள், கியர்பாக்ஸ், எஞ்சின்கள் ஒவ்வொன்றுக்கும் மிச்சமிருக்கும் மணிநேரத்தைத் தனித்தனியாக எழுதி, மாற்றும் செலவைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் நாள்கணக்கிலும் கெடு உண்டு, அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.